அலை நான்காம் படிவத்தில், மின்சுற்று ஐந்தாம் படிவத்தில்; டோல் சாவடியில் இரண்டும்

மாணவர்களே, சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் புறப்பட்டேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் கடும் நெரிசல் என்று வானொலியில் சொன்னார்கள். சரி, நான்கு வெள்ளி போனால் போகிறது என்று டோல் உள்ள பாதைக்குத் திரும்பினேன். அங்கேதான் வினை காத்திருந்தது.

காரின் முன்கண்ணாடியில் புது ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கரை முந்தின நாள்தான் நானே ஒட்டியிருந்தேன். கணக்கில் பணமும் இருந்தது. ஆனால் சாவடியில் தடுப்புக் கட்டை எழவில்லை. கொஞ்சம் முன்னே நகர்ந்து பார்த்தேன், கொஞ்சம் பின்னே நகர்ந்து பார்த்தேன். அசையவில்லை. பின்னால் ஐந்தாறு கார்கள். ஒருவர் ஹாரன் அடித்தார். அவரைப் பார்த்து அடுத்தவரும் அடித்தார். கடைசியில் எல்லாரும் ஒவ்வொருவராகப் பின்வாங்கி வழிவிட, நான் தலையைக் குனிந்தபடி பக்கத்துத் தடத்துக்கு மாறி, அட்டையைத் தட்டிவிட்டு வெளியேறினேன்.

மாலையில், கார் கண்ணாடிக்கு டிண்டட் ஒட்டும் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் காரைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "சார், இது மெட்டல் கலந்த ஃபிலிம். இதுக்கு உள்ள ஸ்டிக்கர் ஒட்டினா எப்படிப் படிக்கும்? ஹெட்லைட்ல ஒட்டுங்க" என்றார். பத்து ஆண்டுகளாக அலைகளின் எதிரொளிப்பை வகுப்பில் நடத்திக்கொண்டிருப்பவன் நான். உலோகம் மின்காந்த அலையை எதிரொளிக்கும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! என் சொந்தக் காரில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. உரித்தால் கிழிந்து செயலிழக்கும்படி செய்யப்பட்ட ஸ்டிக்கர் அது. ஆகவே இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. பிழை முழுக்க என்னுடையதே.

அந்த ஸ்டிக்கரை இன்று உங்களோடு சேர்ந்து கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பள்ளிகளில் இயற்பியலைக் கற்பிக்கும் முறையில் எனக்குள்ள ஒரு குறையை இந்த ஸ்டிக்கர் பளிச்சென்று காட்டிக் கொடுக்கிறது.

நான்காம் படிவத்தில் நீங்கள் 'கெலோம்பாங்' படிக்கிறீர்கள். எதிரொளிப்பு, ஒத்ததிர்வு, மின்காந்த அலைமாலை எல்லாம் அங்கே. ஐந்தாம் படிவத்தில் 'லித்தார்' படிக்கிறீர்கள். மின்தடை, மின்மாற்றி, டையோடு, மின்தேக்கி எல்லாம் இங்கே. இரண்டு ஆண்டு, இரண்டு புத்தகம். பல பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள். அலை என்றால் தண்ணீர்த் தொட்டி, மின்சுற்று என்றால் பேட்டரியும் பல்பும் என்று மனத்தில் இரண்டு பெட்டிகள் உருவாகிவிடுகின்றன. தேர்வு முடிந்ததும் இரண்டு பெட்டிகளும் பூட்டப்படுகின்றன.

இப்போது ஸ்டிக்கருக்கு வருவோம். பிளஸ் நெடுஞ்சாலையில் ஜூரு முதல் ஸ்கூடாய் வரை 2022 ஜனவரி 15 முதல் இந்த முறையில் டோல் செலுத்த முடிகிறது. உங்கள் வீட்டுக் காரிலும் அநேகமாக ஒன்று இருக்கும். அதில் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோகக் கோடுகளாலான ஓர் ஆண்டெனாவும், நடுவில் மணலளவு சில்லு ஒன்றும் மட்டுமே இருக்கும். சாவடியில் இருக்கும் படிப்பான் ஓரிரு வாட் அளவுள்ள அலையை அனுப்புகிறது. மலேசியாவில் இதற்கு ஒதுக்கப்பட்டிருப்பது 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. அந்த அலையில் ஒரு துளியை ஆண்டெனா பிடிக்கிறது. சில்லுக்குள் இருக்கும் டையோடுகளும் மின்தேக்கிகளும் அந்தத் துளியை நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. ஐந்தாம் படிவத்தில் நீங்கள் வரைந்த அதே திருத்திச் சுற்றுதான், அளவுதான் மிகச் சிறியது. இந்த வகைச் சில்லு விழித்தெழ ஏறக்குறைய 10 முதல் 20 மைக்ரோவாட் போதும். ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்குக்குக் கொடுப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விழித்தெழுந்த சில்லு எப்படிப் பதில் சொல்கிறது? அதனிடம் சொந்தமாக அலை அனுப்பும் கருவி இல்லை. தன் உள்மின்சுற்றை மாற்றி மாற்றி இணைத்து, ஆண்டெனா எதிரொளிக்கும் அளவைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. இருட்டில் ஒருவர் உங்கள் மீது டார்ச் அடிக்கும்போது, நீங்கள் கையில் ஒரு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பதில் சொல்வது போல. படிப்பான் அந்த மினுக்கலைப் படித்துக் கட்டையைத் தூக்குகிறது.

இந்தத் தந்திரம் புதிதல்ல. 1945-இல் சோவியத் பள்ளிச் சிறுவர்கள் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய ஓர் அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தார்கள். தூதர் அதைத் தம் இல்லத்தில் மாட்டி வைத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1952-இல்தான் அதற்குள் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது தெரிந்தது. பேட்டரி இல்லை, கம்பி இல்லை. ஒரு சிறு உலோகக் குழிவு, அதன் வாயில் மெல்லிய சவ்வு, கூடவே ஓர் ஆண்டெனா. வெளியிலிருந்து சோவியத் தரப்பு வானொலி அலையைப் பாய்ச்சும்போது, அறையில் பேசும் குரலால் சவ்வு அதிர்ந்து மின்தேக்கத்திறனை மாற்றும். ஆண்டெனா எதிரொளிக்கும் அலையும் அதற்கேற்ப மாறும். வடிவமைத்தவர் லெவ் தெர்மன் என்ற ரஷ்யர். கை படாமலே வாசிக்கும் தெரமின் என்ற இசைக்கருவியை உருவாக்கியவரும் அவரே. உளவாளிகளின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

சரி, இப்படி ஒரு ஸ்டிக்கரை வடிவமைக்க உட்காரும் பொறியாளரின் தலைவலி என்ன?

அதைப் புரிந்துகொள்ள மூன்று எண்களைப் பாருங்கள். உங்கள் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 6,000 கிலோமீட்டர் வரும். கோலாலம்பூரிலிருந்து தோக்கியோவைத் தாண்டிவிடும் தூரம். வீட்டுக் கம்பி அதற்கு முன் ஒரு புள்ளிதான். எனவே கம்பியின் இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே நேரத்தில் ஒரே மின்னோட்டம் என்று தைரியமாகச் சொல்லலாம். 1845-இல் கிர்க்காஃப் சொன்ன விதிகள் கச்சிதமாக வேலை செய்யும்.

அடுத்து, கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் வாயிலில் நீங்கள் தட்டும் அட்டை. அது 13.56 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 22 மீட்டர். அட்டையோ கையளவு, படிப்பானிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அட்டைக்குள் ஒரு கம்பிச்சுருள், வாயிலுக்குள் ஒரு கம்பிச்சுருள். ஆகவே இதையும் ஒரு மின்மாற்றி என்றே எடுத்துக்கொள்ளலாம். மின்சுற்றுக் கணக்கு இங்கும் ஓரளவு தாங்கும்.

மூன்றாவது நம் ஸ்டிக்கர். 920 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 32.6 சென்டிமீட்டர். ஸ்டிக்கரின் நீளமோ பத்து சென்டிமீட்டர் அளவில். அலையில் மூன்றில் ஒரு பங்கு! இங்கே உலோகக் கோட்டின் நடுவில் ஒரு மின்னோட்டம், ஓரத்தில் வேறொரு மின்னோட்டம். கம்பி வெறும் கம்பியாக இல்லை, அலை ஓடும் இடமாகிவிட்டது. சுற்றியுள்ள காற்று, கண்ணாடி, காரின் இரும்புச் சட்டம் எல்லாம் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராய விதி இது: கருவியின் அளவு அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கிர்க்காஃப்பை மட்டும் நம்பாதே, மேக்ஸ்வெல்லிடம் போ.

மேக்ஸ்வெல்லிடம் போவது என்றால், 1860-களில் அவர் எழுதிய மின்காந்தச் சமன்பாடுகளை இந்த ஸ்டிக்கரைச் சுற்றியுள்ள வெளி முழுவதற்கும் தீர்ப்பது. கையால் முடியாது. கணினியில் அந்த வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மின்புலமும் காந்தப்புலமும் என்ன என்று கணக்கிட வேண்டும். இதற்கு ஒரு நேர்த்தியான வழியை 1966-இல் கேன் யீ என்ற ஆய்வாளர் வெளியிட்டார். வெளியை விட்டுவிட்டு உலோகப் பரப்பை மட்டும் முக்கோணங்களாக வெட்டும் இன்னொரு வழி 1982-இல் வந்தது. அதை எழுதிய மூவரில் முதலாமவர் சதாசிவ ராவ், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். ராவ், வில்டன், கிளிசன் என்ற மூன்று பெயர்களையும் சேர்த்தே இன்றும் அந்த முக்கோண முறையைக் குறிப்பிடுகிறார்கள்.

"அப்படியானால் எல்லாவற்றையும் மேக்ஸ்வெல்லிடமே கொடுத்துவிடலாமே சார்?" நல்ல கேள்வி. ஆண்டெனா பத்து சென்டிமீட்டர். சில்லுக்குள் உள்ள டிரான்சிஸ்டரின் நுண்பகுதிகளை 0.1 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றொன்றைவிடப் பத்து லட்சம் மடங்கு. எல்லாவற்றையும் அந்த நுண்கட்டத்தால் வெட்டினால் நீளத்தில் பத்து லட்சம், அகலத்தில் பத்து லட்சம், உயரத்தில் பத்து லட்சம்: ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள் போட்ட அளவு கட்டங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவில் வெட்ட வேண்டியதில்லைதான், கெட்டிக்கார மென்பொருள்கள் தேவையான இடத்தில் மட்டும் நுணுக்கமாக வெட்டும். ஆனாலும் கணினி மூச்சு வாங்கிவிடும். அதோடு டையோடு ஒரு முரட்டுப் பிள்ளை. மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டம் இரட்டிக்காது. எவ்வளவு மின்திறன் வருகிறது என்பதைப் பொறுத்துச் சில்லின் குணமே மாறும். அதைக் கணக்கிட மின்சுற்று மென்பொருள்தான் சரி. 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஸ்பைஸ்' அவற்றின் முன்னோடி. இன்று உலகெங்கும் புழங்கும் மின்சுற்று மென்பொருள்களில் பல அதன் வாரிசுகளே.

எனவே பொறியாளர் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார். ஆண்டெனாவையும் கண்ணாடியையும் மின்காந்த மென்பொருளிடம் கொடுக்கிறார். அது மணிக்கணக்கில் கணக்குப் போட்டு, கடைசியில் ஒரு பட்டியலைத் தருகிறது: இந்த அதிர்வெண்ணில், சில்லு ஒட்டப்படும் அந்த இரண்டு முனைகளில் பார்த்தால், இந்த ஆண்டெனா இப்படித் தெரியும். அவ்வளவுதான். அத்தனை புலங்களும் அலைகளும் ஒரு மூடிய பெட்டிக்குள் போய்விட்டன; வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். அந்தப் பெட்டியை எடுத்து, ஏதோ ஒரு மின்தடையைச் செருகுவது போல, மின்சுற்று மென்பொருளுக்குள் செருகுகிறார். மறுபுறம் சில்லின் டையோடுகளும் மின்தேக்கிகளும். இப்போது இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறார். விடை சரியில்லை என்றால் உலோகக் கோட்டைக் கொஞ்சம் வளைத்து மறுபடி முதலிலிருந்து. கைப்பேசி, வைஃபை, கூரையில் இருக்கும் செயற்கைக்கோள் டிவி தட்டு என்று நுண்ணலைக் கருவிகள் பலவும் இன்று இந்த வழியில்தான் பிறக்கின்றன. இந்த இணைப்பு வேலைக்கு உலகம் முழுவதும் புழங்கும் மென்பொருள்களில் ஒன்று கீசைட் நிறுவனத்தின் ஏ.டி.எஸ். அந்த நிறுவனம் பிரிந்து வந்த தாய்வீடான ஹியூலெட் பேக்கார்ட் பினாங்குக்கு வந்தது 1972-இல். கீசைட் இன்றும் பாயான் லெப்பாசில் இருக்கிறது. தூரத்துச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பெட்டியின் இரண்டு கால்கள். அலைப் பாடமும் மின்சுற்றுப் பாடமும் சந்திக்கும் இடம் அது. அங்கே என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன், பேனாவை எடுங்கள்.

மாறுதிசை மின்னோட்டத்தில் மின்தடையோடு இன்னொன்றும் சேர்கிறது. மின்தேக்கியும் கம்பிச்சுருளும் மின்னோட்டத்தை முன்னும் பின்னும் தள்ளி எதிர்க்கும் எதிர்ப்பு அது, மின்மறுப்பு என்பார்கள். சில்லு ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்ளும். கணக்குக்காக அதன் மின்தேக்கத்திறன் 1 பிக்கோஃபாரட், மின்தடை 20 ஓம் என்று வைப்போம். 920 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 173 ஓம், எதிர்க்குறியோடு. இதைச் சரிக்கட்ட ஆண்டெனா கம்பிச்சுருள் போல நடந்து, நேர்க்குறியோடு 173 ஓம் காட்ட வேண்டும்; மின்தடையும் அதே 20 ஓம். அப்போது கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், பிடித்த மின்திறன் முழுவதும் சில்லுக்குப் போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போன்ற ஒத்ததிர்வு இது.

இப்போது ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். முன்கண்ணாடி என்பது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. கண்ணாடிக்குள் அலை மெதுவாக ஓடும், அதனால் அதே ஆண்டெனா மின்னியல் கணக்கில் நீண்டுவிட்டது போல் ஆகும். அதன் மின்மறுப்பு 173-க்குப் பதில் 213 ஆகிவிட்டது என்று வைப்போம். 40 ஓம் மிச்சம். சில்லுக்குப் போகும் பங்கைக் கணக்கிட, 4-ஐ 20-ஆலும் மறுபடி 20-ஆலும் பெருக்கி, 40-இன் வர்க்கமும் மிச்சத்தின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 1600-ஐ 3200-ஆல் வகுத்தால் பாதி. மிச்சம் 80 ஓம் ஆனால்? 1600-ஐ 8000-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு. மீதி ஐந்தில் நான்கு பங்கு சில்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. தடித்த கயிற்றையும் மெல்லிய கயிற்றையும் முடிச்சுப் போட்டு அலை அனுப்பினால் முடிச்சில் ஒரு பகுதி திரும்பி வருமே, அது போலத்தான்.

அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே பங்கு ஐந்தில் ஒன்றானால் படிக்கக்கூடிய தூரம் ஐந்தின் வர்க்கமூலத்தால் குறையும். 10 மீட்டரில் படிக்க வேண்டிய ஸ்டிக்கர் 4.5 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கும். என் காரிலோ உலோகப் படலம் வேறு. அலையில் பெரும்பகுதியை வெளியிலேயே திருப்பி அனுப்பிவிட்டது, தப்பி வந்ததற்கும் ஆண்டெனாவைக் குழப்பிவிட்டது. ஆகவேதான் நல்ல வடிவமைப்பாளர் கண்ணாடியையும் சேர்த்து மாதிரி செய்து, கண்ணாடியில் ஒட்டிய பிறகு 173 வரும்படி ஆண்டெனாவை வளைப்பார். அப்படிச் செய்த ஸ்டிக்கரை வெறும் காற்றில் பிடித்துச் சோதித்தால் சுமாராகத்தான் வேலை செய்யும்!

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் ஒரு வரி நான்காம் படிவம், அடுத்த வரி ஐந்தாம் படிவம். ஒன்றை மட்டும் படித்தவரால் இந்தக் கட்டையைத் தூக்க முடியாது.

இனி என் குறையைச் சொல்கிறேன். நான் பொறியாளன் இல்லை, ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா பெற்ற அறிவியல் ஆசிரியன். என் வகுப்பிலும் பாடம் பாடமாகத்தான் நடத்துகிறேன், ஏனென்றால் தேர்வு அப்படித்தான் கேட்கிறது. ஒரு பாடத்திலிருந்து இன்னொரு பாடத்துக்குப் பாலம் போடும் கேள்விகள் குறைவு. நேரமும் குறைவு. சக ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, "முதலில் இரண்டு பெட்டியையும் நிரப்புவோம், பிறகு திறந்து கலக்கலாம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கிர்க்காஃப்பே தெரியாதவருக்கு மேக்ஸ்வெல்லைச் சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தப் 'பிறகு' எப்போது வருகிறது? பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. எஸ்.பி.எம். முடிந்ததும் பெட்டிகளை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு செய்முறை, இரண்டு மூன்று பாடங்களைக் கோத்து, கையில் தொடக்கூடிய ஒரு பொருளைச் சுற்றி இருந்தால் போதும் என்பேன். டோல் ஸ்டிக்கர் அதற்கு மிகப் பொருத்தம். செலவும் இல்லை, என்னிடம் உரித்த ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது.

சென்ற ஆண்டு நான்காம் படிவ மாணவி ஒருத்தி, "இயற்பியல் எனக்கு வராது சார், வேறு பாடத்துக்கு மாறிக்கொள்கிறேன்" என்று வந்து நின்றாள். கணக்கில் கெட்டிக்காரி. ஏன் என்று கேட்டேன். "ஒவ்வொரு பாடமும் தனித்தனியா இருக்கு சார். எதுக்காகப் படிக்கிறேன்னே தெரியல" என்றாள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்து, மொழி மாறி, கலைச்சொற்கள் மாறி, தடுமாறிக்கொண்டிருப்பவர்கள் பலர். அந்தத் தடுமாற்றத்தைத் தங்கள் அறிவின் குறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவளுக்குத் தடை கடினம் இல்லை, தொடர்பின்மை. அதை நான் அன்று சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பொத்தாம் பொதுவாக "முயற்சி செய்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டோல் சாவடியில் மாட்டிய பிறகுதான், அந்த உரித்த ஸ்டிக்கரை வகுப்புக்கு எடுத்துப் போனேன். அவள்தான் முதலில் கேட்டாள்: "இதுல அலை எங்க முடியுது, கரண்ட் எங்க ஆரம்பிக்குது சார்?" அந்தக் கேள்விக்காக ஒரு பாடவேளையையே விட்டுக்கொடுத்தேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கணினி எல்லாம் செய்யும், நாம் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நம்பிக்கை உங்களிடையே பரவி வருகிறது. சிமுலேஷன் மென்பொருள்கள் வண்ண வண்ணமாக, நீலமும் சிவப்புமாக அலை ஓடுவதைக் காட்டும். பார்த்தால் உண்மை போலவே இருக்கும். ஆனால் நீங்கள் சொல்லாத எதுவும் அதற்குத் தெரியாது. கண்ணாடி இருக்கிறது என்று சொன்னால் கண்ணாடியைக் கணக்கில் சேர்க்கும். கிள்ளானில் ஓர் ஆசிரியர் வெயில் தாங்காமல் உலோகப் படலம் ஒட்டியிருப்பார் என்று யாரும் அதனிடம் சொல்லாவிட்டால், என் காரிலும் கட்டை எழும் என்றே அது அடித்துச் சொல்லும். பெட்டிக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது, எந்த இடத்தில் வெட்டுவது: இவற்றை முடிவு செய்வது மனிதர். அந்த முடிவுக்கு இரண்டு பாடமும் தெரிந்திருக்க வேண்டும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆண்டெனாவுக்கு 'என்.இ.சி.' என்ற நிரலை இலவசமாகப் பெறலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவானது, பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் இன்றும் விரும்பிப் பயன்படுத்துவது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். மின்சுற்றுக்கு எல்.டி.ஸ்பைஸ், அதுவும் இலவசம். முதலாவதில் கம்பிகளை வரைந்து 920 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்தடை, மின்மறுப்பு என்ன என்று பாருங்கள். 20 ஓமும் 173 ஓமும் வரும்வரை கம்பியை மடக்கி மடக்கிப் பாருங்கள், பொறுமை வேண்டும். கிடைத்ததும் இரண்டாவதில் 20 ஓம் மின்தடையும் 30 நானோஹென்றி கம்பிச்சுருளுமாக அதை வரைந்து, மறுபுறம் 1 பிக்கோஃபாரட் மின்தேக்கியையும் 20 ஓமையும் இணையுங்கள். எங்கே ஒத்ததிர்வு வருகிறது என்று அதிர்வெண்ணை நகர்த்திப் பாருங்கள். 919 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வந்தால் சரி. பொறியாளர்கள் தானியங்கியாகச் செய்யும் இணைப்பை நீங்கள் கையால் செய்துவிட்டீர்கள்.

நாங்கள் நான்கு பேர் இதைச் சனிக்கிழமைகளில் பள்ளிக் கணினிக்கூடத்தில் செய்துவருகிறோம். இயற்பியலை விட்டுவிடுகிறேன் என்று வந்தவள் இப்போது ஐந்தாம் படிவம், இயற்பியலில்தான் இருக்கிறாள். சென்ற வாரம் ஒரு மணி நேரம் போராடி அவளுடைய ஆண்டெனா 171 ஓமுக்கு வந்துவிட்டது. கைதட்டினோம். அவள் கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இதுல கார் கண்ணாடிய எங்க போடுறது?" என்றாள்.

கம்பிகளுக்காக எழுதப்பட்ட அந்த நிரலில் கண்ணாடித் தகட்டுக்கு இடம் இல்லை. வெளியையே கட்டங்களாக வெட்டும் 'ஓப்பன் இ.எம்.எஸ்.' என்ற இன்னொரு இலவச மென்பொருள் வேண்டும். அதை இரண்டு கணினிகளில் நிறுவி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை தொடங்குகிறோம்.